விமானத்தில் ஏற்றிய ரோட்டரி என்ஜினுக்கு ஐட்லிங் வைப்பது எப்படி

காரில் இருந்த வரைக்கும் மாஸ்டா 13பி என்ற ரோட்டரி என்ஜின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டார் சுழல்வது) ஐட்லிங்கில், அதாவது த்ரோட்டில் மூடிய நிலையில், 750 ஆர்பிஎம் பக்கம் அமைதியாக நின்றிருக்கும். அதையே கழற்றி, குறைப்பு கியர்பாக்ஸ் போட்டு, முன்னால் ப்ரொப்பெல்லர் மாட்டிய பிறகு அந்த 750-ஐ மறந்துவிட வேண்டும். சொந்தமாகக் கட்டும் விமானங்களில் இந்த என்ஜினுக்கு 1,500 முதல் 1,800 வரை ஐட்லிங் வைப்பதுதான் வழக்கம். கார் பட்டறையில் பழகிய கைக்கு இது அதிகமாகத் தோன்றும். த்ரோட்டில் எங்கே மூடி நிற்க வேண்டும் என்று பிடிக்கும் ஸ்டாப் ஸ்க்ரூவைத் தளர்த்தி இறக்கப் பார்க்கும். இறக்கினால் என்ஜின் ஒன்றும் சொல்லாது, கியர்பாக்ஸ்தான் அடி வாங்கும்.

எவ்வளவு இறக்கலாம் என்பதைக் கியர்பாக்ஸ் தீர்மானிக்கிறது. எவ்வளவு ஏற்றலாம் என்பதை ப்ரொப்பெல்லர் தீர்மானிக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடத்தில் என்ஜினை நிற்க வைப்பதுதான் டியூனிங் வேலை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: என்ஜின் எந்த வேகத்தில் அழகாக நிற்கிறதோ அதை வைத்துவிட்டு, கியர்பாக்ஸ் சத்தத்துக்கு வேறு காரணம் தேடுகிறார்கள்.

ப்ரொப்பெல்லர் எத்தனை சுற்று?

ரோட்டரி விமானங்களில் அதிகம் பார்க்கக் கிடைக்கிற ரியல் வேர்ல்டு சொல்யூஷன்ஸ் கியர்பாக்ஸ்கள் 2.17, 2.85 என இரண்டு விகிதத்தில் உண்டு. 2.85-இல் என்ஜின் 1,800 சுற்றினால் ப்ரொப்பெல்லர் 630 சுற்றும். நேரடியாக ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் லைகாமிங் என்ஜினின் ஐட்லிங்கும் ஏறக்குறைய இதுதான். 2.17 என்றால் 1,400-க்கே ப்ரொப்பெல்லர் 645-க்கு வந்துவிடும். அதனால் அடுத்தவர் விமானத்து எண்ணை அப்படியே எடுத்து வைக்காதீர்கள். அவருடைய விகிதம் என்ன என்று முதலில் கேளுங்கள்.

டாக்கோமீட்டரையும் நம்பிவிடக் கூடாது. இக்னிஷன் காயில் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை அடிக்கிறது என்ற அமைப்பு தப்பாக இருந்தால் காட்டுகிற எண் பாதியாகவோ இரட்டிப்பாகவோ இருக்கும். பம்ப்செட், மோட்டார் பட்டறைகளில் இருக்கிற லேசர் டாக்கோமீட்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். கோயமுத்தூரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு பிளேடின் பின்பக்கத்தில் ஒளி திருப்பும் டேப்பை ஒட்டி, ப்ரொப்பெல்லருக்குப் பின்னால், இறக்கையை ஒட்டி நின்று அடித்துப் பாருங்கள். ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்தின் நேர்பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. வந்த எண்ணை விகிதத்தால் பெருக்கினால் என்ஜின் வேகம். அது டாக்கோமீட்டரோடு ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு எதையும் தொட வேண்டாம், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கீழ் எல்லை: கியர்பாக்ஸ்

13பி-யில் இரண்டு ரோட்டார். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் (ரோட்டார்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) ஒருமுறை சுற்றும்போது ஒவ்வொரு ரோட்டாரும் ஒருமுறை எரிக்கிறது. ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு உந்தல். 1,800 ஆர்பிஎம்மில் நொடிக்கு 60 உந்தல், 900-இல் 30. ஒருபக்கம் ப்ரொப்பெல்லர், மறுபக்கம் ஆட்டோமேட்டிக் காரிலிருந்து வந்த இலேசான ஃப்ளெக்ஸ் பிளேட், நடுவில் ரப்பர் டேம்பர் என்று இருக்கும் அமைப்புக்குச் சொந்தமாக ஒரு முறுக்கு அதிர்வு எண் உண்டு. உந்தல் அந்த எண்ணைத் தொடும் வேகத்தில் முறுக்கு முன்னும் பின்னும் திரும்பும். கியர் பல் ஒருபக்கம் தள்ளுவதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மாறி மாறி மோதும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடத்தைத் தாண்டிப் போகையில் கேட்குமே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தான். அதைக் கேட்டுக்கொண்டே பத்து நிமிடம் டாக்சி செய்தால் (தரையில் உருண்டு போனால்) ரப்பர் வெந்துபோகும், பல்லின் முகம் குழியும்.

ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் விமானம் ஒரு குலுக்குக் குலுக்குவது இதனால்தான். வேகமாகத் தாண்டிவிட்டால் கெடுதல் இல்லை. நிறுத்தும்போது த்ரோட்டிலை ஐட்லிங் ஸ்டாப்புக்குக் கீழே இழுத்து மெல்லச் சாகடிக்காதீர்கள். ஐட்லிங்கில் நிற்கும்போதே இன்ஜெக்டர் மின்சாரத்தைத் துண்டியுங்கள்.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு ரோட்டார் எரியாமல் போனால் ஒரு சுற்றுக்கு ஓர் உந்தல்தான். அதிர்வு 900-இல் வருகிற அமைப்பில், ஒற்றை ரோட்டாரில் ஓடும்போது அதே அதிர்வு 1,800-இல் வந்து நிற்கும். சரியாக உங்கள் ஐட்லிங் இருக்கிற இடம்! அதனால் ஐட்லிங்கில் திடீரென்று தடதடப்பு வந்தால் அது கியர்பாக்ஸ் கோளாறு என்று முடிவு கட்டாதீர்கள். பிளக், காயில், இன்ஜெக்டர் என்று ஒவ்வொரு ரோட்டாராகப் பாருங்கள். பார்க்கிற வரைக்கும் அந்த வேகத்தில் ஓட்டாதீர்கள்.

மேல் எல்லை: ப்ரொப்பெல்லர்

நின்ற இடத்தில் கிடைக்கும் இழுவிசை சுற்றின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. ஐட்லிங்கைப் பத்து சதவீதம் ஏற்றினால் இழுவிசை 21 சதவீதம் ஏறும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2.85 கியர், முழுத் த்ரோட்டிலில் ப்ரொப்பெல்லர் 2,280 சுற்று, அப்போது இழுவிசை 225 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஜின் 1,800-இல் நிற்கும்போது 17 கிலோ வரும். 2,300-இல் 28 கிலோ. தார்த்தளத்தில் 680 கிலோ விமானம் உருளச் சுமார் 14 கிலோ போதும். 1,800 என்றால் லேசாகப் பிரேக்கைத் தொட்டபடி டாக்சி செய்யலாம். 2,300 என்றால் பிரேக்கை மிதித்துக்கொண்டே போக வேண்டும். தரையிறங்கும்போதும் ஓடுபாதையின் மேல் மிதந்துகொண்டே போகும், உட்காராது. புல்தரையில் உருளுவதற்கே இதைப்போல இரண்டு மூன்று மடங்கு இழுவிசை வேண்டும் என்பதால், அங்கே வைத்துப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

இன்டேக் துளையை ரோட்டார் ஹவுசிங்கின் சுற்றுச்சுவரில் வெட்டிய (பெரிஃபெரல் போர்ட்) என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இங்கேதான் சிக்கல். இன்டேக்கும் எக்சாஸ்ட்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் அதில் அதிகம். த்ரோட்டில் மூடியிருக்கும்போது உள்ளே இருக்கும் வாக்யூம் எரிந்த புகையை மீண்டும் இழுத்துக்கொள்ளும். புதுக் கலவை கெட்டு, இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறைதான் ஒழுங்காக எரியும். 1,800-க்குக் கீழே அது சீராக நிற்க மறுத்தால் அடம்பிடிக்காதீர்கள். ப்ரொப்பெல்லர் பிளேடின் கோணத்தை (பிட்ச்) மாற்றுவதுதான் வழி. ஆர்எக்ஸ்-8 காரின் ரெனிசிஸ் என்ஜினில் எக்சாஸ்ட்டும் பக்கவாட்டுப் போர்ட்தான், இப்படிச் சேர்ந்து திறப்பதே இல்லை. ஐட்லிங்கைப் பொறுத்தவரை அதுதான் சாதுவான பிள்ளை.

ஸ்க்ரூவைத் தொடும் முன்

என்ஜின் இந்த ஊர்த் தெருவில் ஓடிய வண்டியிலிருந்து வந்திருக்காது. பழைய என்ஜினாக இறக்குமதியாகி வந்ததாகத்தான் இருக்கும். அதனால் முதலில் கம்ப்ரெஷன். ரெனிசிஸுக்கு 250 ஆர்பிஎம் கிராங்கிங்கில் குறைந்தது 680 கிலோபாஸ்கல் வேண்டும். ஒரே ரோட்டாரின் மூன்று முகங்களுக்குள் 150-க்கு மேல் வித்தியாசம் கூடாது. இரண்டு ரோட்டார்களுக்கு நடுவில் 100-க்கு மேல் கூடாது. சாதாரண பிஸ்டன் என்ஜின் கேஜ் மூன்று முகங்களில் பெரியதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் வால்வைக் கழற்றிவிட்டு முள் துள்ளுவதைப் பார்த்தால் மூன்று துள்ளலும் ஒரே உயரமா என்பதாவது தெரியும். ஒரு முகம் மட்டும் செத்திருந்தால் ஐட்லிங்கில் மூன்று சுற்றுக்கு ஒருமுறை தள்ளாடும். அது என்ஜினைப் பிரித்துச் சீல் பார்க்கும் வேலை, டியூனிங்கில் தீராது.

அடுத்தது காற்றுக் கசிவு. காரின் ஐட்லிங் வால்வை எடுத்துவிட்டு அந்த ஓட்டையைத் தகடு போட்டு அடைப்பது நல்லது. மின்சாரத்தில் ஆடும் வால்வு விமானத்தில் ஒரு தொல்லைதான், ஐட்லிங்கை ஸ்டாப் ஸ்க்ரூவே பார்த்துக்கொள்ளும். மேனிஃபோல்டு ஓ-ரிங், இன்ஜெக்டர் அடிப்பகுதி, வாக்யூம் ஹோஸ் எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரும் குறைந்த அழுத்தக் காற்றும் வைத்துப் பாருங்கள். ஓடும் என்ஜினில் ஸ்ப்ரே அடித்துச் சோதிக்கும் கார்ப் பழக்கம் இங்கே வேண்டாம். முன்னால் சுற்றிக்கொண்டிருப்பது ரேடியேட்டர் ஃபேன் இல்லை.

இன்டேக் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாருக்குச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. சாவி போட்டு, என்ஜின் ஓடாமல் இருக்கும்போது கோவையில் அது 96, 97 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 101 காட்டினால் சென்சாரோ அளவுத்திருத்தமோ தப்பு. ஓடும்போது எண் நடுங்கினால் ஹோஸில் 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்றைப் போடுங்கள். எந்தக் கடைசல் பட்டறையிலும் பித்தளையில் கடைந்து தருவார்கள்.

த்ரோட்டில் ஸ்டாப் த்ரோட்டில் பாடியிலேயே இருக்க வேண்டும், விமானியின் கைப்பிடி முனையில் இருக்கக் கூடாது. சூடேறும்போது கேபிள் நீளும், என்ஜின் மவுன்ட் ரப்பரில் சாயும். கைப்பிடியில் ஸ்டாப் வைத்தால் ஐட்லிங் நாளுக்கு நாள் மாறும். காரில் ஸ்பிரிங் த்ரோட்டிலை மூடும். விமானத்தில் கேபிள் அறுந்தால் சக்தி இருக்க வேண்டும் என்பதற்காகத் திறக்கும் பக்கம் வைப்பது வழக்கம். அப்படி வைத்தால் கேபிளில் கொஞ்சம் தளர்ச்சி வந்தாலும் ஐட்லிங் தானாக ஏறும். ஏறிவிட்ட ஐட்லிங்கைப் பார்த்தால் முதலில் கேபிள் முனையைப் பாருங்கள்.

கட்டிப்போடுவது

தோட்டத்துக் களத்தில் ஓட்டுவதானால் முதலில் பெருக்குங்கள். ஜல்லி, தென்னைமட்டைச் சிம்பு, தேங்காய் நார் எல்லாம் பிளேடைக் கடிக்கும். சக்கரத்துக்கு முட்டு, வாலை நல்ல தென்னைமரத்திலோ தரையில் அடித்த இரும்பு முளையிலோ கயிற்றால் கட்டுவது, சுற்றிலும் ஆளும் ஆடும் மாடும் வராமல் கயிறு, தீயணைப்பானோடு ஓர் ஆள்: இவ்வளவும் இல்லாமல் தொடங்க வேண்டாம். பறப்பதற்கான டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) அனுமதி தனிக்கதை. இங்கே சொல்வது தரையில் ஓட்டுவதற்கு மட்டும்.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது மாலையில் ஐட்லிங் வைக்காதீர்கள். எதிர்க்காற்று ப்ரொப்பெல்லரின் சுமையைக் குறைத்து நூறு ஆர்பிஎம்மை ஏற்றிக் காட்டும். பின்காற்று ரேடியேட்டரைச் சுட வைக்கும். விடிகாலை, காற்று அடங்கியிருக்கும் நேரம்தான் நல்லது.

வைக்கும் முறை

1. தண்ணீர் 80 டிகிரி, எண்ணெய் 60 டிகிரி வரும் வரை 2,000-இல் ஓட்டுங்கள். சூடாகாத என்ஜினில் வைத்த ஐட்லிங் அரைமணியில் மாறிவிடும்.

2. கியர்பாக்ஸ் உறையில் மெக்கானிக் ஸ்டெத்தாஸ்கோப்பை வைத்துக் கேட்க ஓர் ஆளை ப்ரொப்பெல்லருக்குப் பின்னால், கௌலிங் (என்ஜின் மூடி) பக்கமாக நிறுத்துங்கள். அந்த இடம் பாதுகாப்பாக இல்லை என்றால் உறையில் மைக் ஒட்டி வயர் இழுத்துக்கொள்ளுங்கள். உயிரைவிட மைக் மலிவு.

3. 2,000-இலிருந்து நூறு நூறாக இறக்குங்கள். ஒவ்வொரு படியிலும் இருபது விநாடி. தடதடப்பு எங்கே தொடங்குகிறதோ அதைக் குறித்துக்கொண்டு உடனே ஏற்றிவிடுங்கள். அங்கேயே நின்று ரசிக்க வேண்டாம்.

4. அந்த எண்ணோடு 250 கூட்டுங்கள். 1,250-இல் தொடங்கினால் 1,500 உங்கள் கீழ் எல்லை.

5. அந்த வேகத்தில் பிரேக்கை விட்டு, காலை வைத்துத் தயாராக இருந்து, தளத்தில் விமானம் எப்படி நகர்கிறது என்று பாருங்கள். நடைவேகத்துக்கு மேல் தானாகப் போகக் கூடாது.

6. லேண்டிங் லைட், இரண்டு ஃபியூவல் பம்ப், ரேடியோ எல்லாவற்றையும் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தாங்காவிட்டால் வோல்டேஜ் 14-இலிருந்து 12-க்கு இறங்கும். இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம் அதனால் கூடும், பெட்ரோல் குறையும், வேகம் இறங்கும், ஆல்டர்னேட்டர் இன்னும் தளரும். இது ஒரு சுழல். ஈசியூ-வில் (என்ஜினை இயக்கும் கணினி) வோல்டேஜுக்கு ஏற்ற டெட்-டைம் (இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம்) அட்டவணை இல்லாதவர்கள் ஸ்டாப் ஸ்க்ரூவோடு போராடிக்கொண்டே இருப்பார்கள்.

7. சூடான ஐட்லிங்கில் எண்ணெய் அழுத்தம் சுமார் 2 பார் இருக்க வேண்டும். கியர்பாக்ஸும் என்ஜின் எண்ணெயிலேயே ஓடுகிறதென்றால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு ரோட்டாருக்கும் தனித்தனித் த்ரோட்டில் இருந்தால் மூன்றாவது படிக்கு முன்பே இரண்டின் காற்றையும் சமப்படுத்திவிட வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் திறந்திருந்தால் ஒரு ரோட்டார் வேலை செய்யும், மற்றது சுமையாகத் தொங்கும்.

டைமிங்கும் கலவையும்

ஒவ்வொரு ரோட்டாருக்கும் இரண்டு பிளக்: முதலில் அடிப்பது லீடிங், பின்னால் அடிப்பது ட்ரெய்லிங். மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7-இல் தொழிற்சாலை ஐட்லிங் டைமிங் லீடிங் பிளக்குக்கு டிடிசி (கலவை முழுக்க இறுகும் இடம்) தாண்டி 5 டிகிரி, ட்ரெய்லிங்குக்கு டிடிசி தாண்டி 20. அது புகைக் கட்டுப்பாட்டுக்காக வைத்தது. எக்சாஸ்ட் சூட்டைக் கூட்டும். விமானத்தில் அது தேவையில்லை. லீடிங்கை டிடிசிக்கு முன் 5 முதல் 10 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ட்ரெய்லிங் அதற்கு 10, 15 டிகிரி பின்னால் இருக்கட்டும். டைமிங் அட்டவணையில் ஒரு சின்ன வேலை பெரிய பலன் தரும்: ஐட்லிங் 1,700 என்றால் 1,500 கட்டத்தில் 3, 4 டிகிரி அதிகமும் 1,900 கட்டத்தில் 3, 4 டிகிரி குறைவும் வையுங்கள். வேகம் இறங்கினால் டைமிங்கே தூக்கிவிடும், ஏறினால் இழுத்துப் பிடிக்கும். ஏறி இறங்கி ஆடும் ஐட்லிங்கில் பாதி இதிலேயே அடங்கும்.

கலவை லாம்டா 0.88 முதல் 0.92 வரை (1 என்றால் சரியான கலவை, அதற்குக் கீழே பெட்ரோல் அதிகம்). பங்க்கில் இப்போது கிடைப்பது பெரும்பாலும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) என்பதால் காற்று–பெட்ரோல் விகித எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டாம், மீட்டரை லாம்டாவில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பெட்ரோலுக்கு டியூன் செய்த அட்டவணை இ20-இல் லீனாகத்தான், அதாவது பெட்ரோல் குறைவாகத்தான் ஓடும். ரப்பர் ஹோஸும் எத்தனால் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.

இந்த மீட்டர் ஒரு இடத்தில் பொய் சொல்லும். என்ஜின் மிஸ்ஸடித்தால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். சென்சார் அதை "லீன்" என்று காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும், மிஸ்ஸிங் கூடும், மீட்டர் இன்னும் லீன் காட்டும். எக்சாஸ்ட் சத்தம் விட்டு விட்டு வருகிறது, மீட்டர் லீன் காட்டுகிறது என்றால் கூட்டாதீர்கள். குறைத்துப் பாருங்கள், சத்தம் சீராகிறதா என்று காதால் கேளுங்கள். இந்த இடத்தில் காதுதான் நல்ல மீட்டர்.

பெரிய இன்ஜெக்டர் போட்டவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஐட்லிங்கில் திறக்கும் நேரம் 2 மில்லிவிநாடிக்குக் கீழே போனால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பெட்ரோல் வராது. ஐட்லிங்கில் ப்ரைமரி இன்ஜெக்டர் மட்டும் வேலை செய்யட்டும், செகண்டரி மேலே போகும்போது சேரட்டும்.

சீல்களுக்கு எண்ணெய் கொடுக்கும் மீட்டரிங் பம்பை எடுத்துவிட்டு டூ-டி எண்ணெயைப் பெட்ரோலில் கலப்பவர்கள் 20 லிட்டருக்கு 150 மில்லி என்ற அளவுக்கு மேல் ஊற்ற வேண்டாம். பயத்தில் கூட்டி ஊற்றுவதன் விலையை ஐட்லிங்கில் பிளக் கட்டும். ஆர்எக்ஸ்-7-இல் லீடிங் 7, ட்ரெய்லிங் 9 என்ற வெப்ப எண் (எண் கூடினால் பிளக் சூடு குறைவாக ஓடும்). நான்கிலும் 9 போட்டால் நீண்ட டாக்சியில் கரி பிடிக்கும்.

கடைசிச் சோதனை

எல்லாம் சூடான பிறகு 3,000-இல் பத்து விநாடி நிறுத்தி, ஒரே விநாடியில் த்ரோட்டிலை மூடுங்கள். ஐட்லிங்குக்குக் கீழே 200 வரை இறங்கித் திரும்பினால் சரி. 300-க்கு மேல் இறங்கினாலோ நின்றாலோ, மூடிய த்ரோட்டில் கட்டங்களில் டைமிங்கும் பெட்ரோலும் சரியில்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கியர் உள்ள என்ஜின் வானத்தில் நின்றால், அதை மறுபடி சுழற்ற ப்ரொப்பெல்லர் 2.85 மடங்கு வேகத்தில் என்ஜினை இழுக்க வேண்டும். குறைந்த வேகத்தில் காற்றுக்கு அவ்வளவு பலம் கிடையாது. பெரும்பாலும் பிளேடு நின்றேவிடும்.

அடுத்து வெயில் சோதனை. சித்திரை வெயிலில் 38 டிகிரி இருக்கும்போது பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, கால்மணி கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கௌலிங்குக்குள் தேங்கிய சூட்டில் பெட்ரோல் லைனில் ஆவி கட்டும். இ20-இல் இது இன்னும் சுலபம். ரிட்டர்ன் லைன் டேங்க்குக்கே போகிறதென்றால் பம்ப்பை அரை நிமிடம் ஓடவிட்டால் தணியும். தண்ணீர் 105 டிகிரி தொட்டால் சோதனையை நிறுத்திவிடுங்கள். குளிர்ந்த என்ஜினை ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துவதும் கூடாது: ரோட்டார் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீலின் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும், கம்ப்ரெஷன் விழும், அடுத்த ஸ்டார்ட்டில் என்ஜின் பெட்ரோலில் மூழ்கும். மூழ்கினால் இன்ஜெக்டரைத் துண்டித்து, த்ரோட்டிலை முழுக்கத் திறந்து கிராங்க் செய்து காய வையுங்கள்.

எல்லாம் சரியான பிறகு ஸ்டாப் ஸ்க்ரூவின் லாக் நட்டை இறுக்கி, நட்டின் மேலும் உடலின் மேலும் சேர்ந்தபடி பெயின்ட் கோடு ஒன்று போடுங்கள். என்ஜின் வேகம், ப்ரொப்பெல்லர் வேகம், மேப், லாம்டா, எண்ணெய் அழுத்தம், அன்றைய வெப்பநிலை ஆகிய ஆறையும் லாக் புக்கில் எழுதுங்கள். கேபிளும் கசிவும் சரியாக இருந்து, ஐட்லிங் மட்டும் நூறு ஆர்பிஎம் நகர்ந்திருந்தால், ஸ்க்ரூவைத் திருப்பும் முன் கம்ப்ரெஷன் கேஜை எடுங்கள்.